கடற்கரைப் பள்ளியில் கணினி, டேப்லெட், வாட்ஸ்அப்: ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் கையாள வேண்டிய முறை

மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம். அதில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர், ஆசிரியர் தகவல் தளம்) லாகின், கீழே பாஸ்வேர்டு. உப்புக்காற்றில் ஒட்டு பழுத்து ஒரு முனை பிரிந்து தொங்கினாலும் எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கும். கடலோரப் பள்ளிகளில் கணினித் தொல்லை என்று வருவதில் பெரும்பகுதி இந்த மாதிரிக் காகிதத்தில்தான் தொடங்குகிறது. எங்கிருந்தோ ஒருவன் ஹேக் செய்து உள்ளே புகுந்தான் என்பது அரிது. அடுத்தவர் பாஸ்வேர்டில் வேலை பார்ப்பது, ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் பட்டியலை அனுப்புவது, பிள்ளைகள் படத்தைக் குரூப்பில் போடுவது, இவைதான் அடிக்கடி நடப்பவை.

கீழே வரும் விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: அந்த நேரத்தில் அந்தக் கணக்கும் அந்தச் சாதனமும் யார் கையில் இருந்தன? இதற்கு ஒரு பெயர் பதிலாக வரவேண்டும். "ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும்தான் சார் தொடுவாங்க" என்று பதில் வந்தால், அந்தப் பள்ளியில் விதி எழுதியும் பயனில்லை.

கணக்கும் பாஸ்வேர்டும்

பள்ளியின் யுடைஸ் எண், அதாவது நாடு முழுவதும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே தரும் அடையாள எண், 11 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிக்கும் 33 என்றே தொடங்கும். பல இடங்களில் பள்ளி முகப்பிலேயே பெயின்டில் எழுதியிருக்கும். அந்த எண்ணையோ, பள்ளிப் பெயருடன் 123 சேர்த்தோ, தலைமையாசிரியரின் கைபேசி எண்ணையோ பாஸ்வேர்டாக வைத்தால் தெருவில் போகிறவரும் ஊகித்துவிடுவார்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுங்கள். நண்டு, சுண்ணாம்பு, ஏணி, மிளகு என்பது போல. ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இடையில் ஒரு குறியும் கடைசியில் இரண்டு இலக்கமும் சேர்த்தால் 14 எழுத்துக்குமேல் வந்துவிடும், மறக்கவும் செய்யாது. இங்கே படித்த நான்கையே வைத்துக்கொள்ள வேண்டாம். எழுதி வைக்காமல் முடியாது என்றால் எழுதலாம், தவறில்லை. ஒரு கவரில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேலே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள். கவர் கிழிந்திருந்தால் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும், அன்றே மாற்றிவிடலாம்.

கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போகிறவர், ஓய்வு பெறுகிறவர் யாராக இருந்தாலும், பணிவிடுவிப்பு ஆணையில் கையெழுத்தாகும் அன்றே அவர் அறிந்த எல்லா பாஸ்வேர்டும் மாற வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு மீட்பு எண்ணை மறந்துவிடுவது வழக்கமான பிழை. பள்ளியின் ஜிமெயில் கணக்கில் மீட்புக் கைபேசி எண்ணாக முந்தைய தலைமையாசிரியரின் எண் கிடக்கும். ஒரு வருடம் கழித்துப் புதுக் கணினியில் திறக்கும்போது ஓடிபி அவருக்குப் போகும். அவரும் நல்ல மனத்தோடு போனில் சொல்வார். ஓடிபியைப் போனில் சொல்லும் பழக்கம் அங்கேதான் ஊறுகிறது. ஆகவே பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக் கொத்துக்கு அடுத்த வரியாக "மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருக்கட்டும்.

விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புக்கு வருகைப் பதிவு போட அவருடைய லாகினை இன்னொருவர் வாங்குவது எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். வருகை யார் பெயரில் ஏறுகிறதோ அவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை அன்று பள்ளிக்கே வரவில்லை, ஆனால் வந்ததாக ஏறியிருக்கிறது, இடையில் ஏதோ நடந்துவிட்டது என்றால் விடுப்பில் இருந்தவர் கூண்டில் நிற்பார். மாற்று ஏற்பாட்டைத் தலைமையாசிரியர் தம் லாகினில் செய்து கொள்ளட்டும். ஒருவருடைய பாஸ்வேர்டை மோசடி நோக்கில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொதுக் கணினியில் மூன்று கணக்குகள் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு லேப் பொறுப்பாளருக்கு மட்டும். ஆசிரியர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, இரண்டும் ஸ்டாண்டர்டு வகை. மாணவர் கணக்கில் அட்மின் உரிமை கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் ஐந்து கேமும் அவற்றோடு சேர்ந்து வந்த விளம்பர மென்பொருளும் நிற்கும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையும் எல் விசையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். பிரவுசர் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா" என்று கேட்டால் பொதுக் கணினியில் எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இந்த மாதச் சம்பளப் பட்டியல் பார்த்தவரின் கணக்கை அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பையன் திறப்பது இப்படித்தான்.

ஒரு குறிப்பு: விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நின்றுவிட்டது. பள்ளியில் இருப்பது அந்தப் பழைய கணினிதான் என்றால் வீடியோ காட்டவும் தட்டச்சுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எமிஸ், பள்ளி வங்கிக் கணக்கு இரண்டையும் அப்டேட் வருகிற கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

பெற்றோரிடம் ஓடிபி கேட்கும் வேலை

பெற்றோரின் கைபேசி எண்ணைச் சரிபார்க்கும் வேலை ஆசிரியர் தலையில் விழும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். "டீச்சர் கேட்டால் ஓடிபி சொல்லலாம்" என்று ஒரு தாய் பழகிவிட்டால், நாளைக்கு டீச்சர் குரலில் பேசுகிறவனுக்கும் சொல்வார். உதவித்தொகை வந்திருக்கிறது, சரிபார்க்க வேண்டும் என்று ஏமாற்றுகிறவர்கள் பேசும் பேச்சும் இதே பேச்சுதான்.

ஆகவே முடிந்தவரை நேரில், பெற்றோர் கூட்டத்தன்று, அவர்கள் கைபேசியை அவர்களே வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியை முழுதும் படித்துக் காட்டுங்கள்: யார் அனுப்பியது, எதற்கு என்று அதிலேயே இருக்கும். வங்கிப் பெயர் இருந்தால் அது பள்ளி வேலை இல்லை. போனில்தான் கேட்க வேண்டும் என்றால் முதல் நாளே பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்பிவிட்டு, பள்ளியின் எண்ணிலிருந்து மட்டும் கூப்பிடுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். அந்த நாட்களில் அப்பாவின் எண்ணுக்கு அனுப்பிய ஓடிபி நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் காலாவதியாகும். ஆசிரியர் மூன்று முறை முயன்று கணக்குப் பூட்டிக்கொள்ளும். செவ்வாய் மாலை அல்லது வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் ஆள் கிடைப்பார். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இது மாறும்; பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம். இதைவிட நல்ல காலம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறந்த ஜூன் முதல் இரண்டு வாரம் இதற்குள்தான் வரும். விசைப்படகுக் குடும்பங்களின் எண், முகவரி, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை அப்போது முடித்துவிட்டால் வருடம் முழுக்க நிம்மதி.

சொந்த வேலைக்கு எவ்வளவு இடம்

ஓய்வுப் பாடவேளையில் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் விடுப்பு விண்ணப்பிப்பது, சம்பளப் பட்டியல் பார்ப்பது, துறைத்தேர்வு அறிவிப்பைத் தேடுவது, இதெல்லாம் பணி சார்ந்ததே. ரயில் டிக்கெட் எடுப்பதையும் யாரும் பெரிதாக்க மாட்டார்கள். ஆனால் சொந்த வங்கிக் கணக்கைப் பொதுக் கணினியில் திறக்காதீர்கள். இது ஒழுங்குக்காகச் சொல்வதல்ல. உங்கள் பணத்துக்காகச் சொல்வது.

கூடாதவை தெளிவானவை. திரைப்படம் இறக்குவது, பங்குச் சந்தை, சீட்டுக் கணக்கு, வீட்டுக்காரரின் காப்பீட்டு ஏஜென்சி வேலை. டியூஷன் நோட்ஸ் அச்சிடுவதும் சேரும்; கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28 ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதையே தடை செய்கிறது. கட்சிப் படங்களைப் பள்ளிக் கணினியில் வடிவமைப்பதும் பள்ளி எண்ணிலிருந்து பகிர்வதும் 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு முரண். சனிக்கிழமை சொந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்து லேப்பில் கேம் விளையாட விடுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பள்ளி வைஃபை பாஸ்வேர்டு பக்கத்து டீக்கடை வரை போயிருந்தால் மாற்றுங்கள். அந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் விசாரணை பள்ளியின் பெயருக்குத்தான் வரும்.

பிள்ளைகளின் படம்

காலை வழிபாட்டுக் கூட்டம், விளையாட்டு விழா, சத்துணவு என்று நாளும் படம் எடுக்கச் சொல்கிற காலம். எடுப்பதைத் தவிர்க்க முடியாது. எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கட்டுப்படுத்தலாம்.

படம் பள்ளி டேப்லெட்டில் மட்டும் எடுக்கவும். சொந்தக் கைபேசியில் எடுத்தால் அது தானாகவே கூகுள் போட்டோஸுக்கு ஏறி, வீட்டு டிவி வரை போகும். கேமரா அமைப்பில் "இருப்பிடக் குறி" என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். தூரத்திலிருந்து கூட்டமாக எடுப்பது நல்லது. ஒரு பிள்ளையின் முகம், சட்டையில் பெயர், பின்னால் பள்ளிப் பலகை மூன்றும் ஒரே படத்தில் வரக்கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயது நிறையாத யாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு தாள்: "விழாப் படங்களில் என் பிள்ளை இருக்கலாம் / வேண்டாம்". வேண்டாம் என்றவர்கள் பட்டியல் வகுப்பாசிரியர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். படகு பிடிபட்டு, அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார் என்ற செய்தி வரும் நாளில் பள்ளிக்குப் போன் வரும்: "அந்தப் பிள்ளை படம் ஒன்று அனுப்புங்க சார், முகவரி சொல்லுங்க". கேட்பவர் தெரிந்த நிருபராகவே இருக்கலாம், நல்ல எண்ணத்தோடும் கேட்கலாம். பள்ளிப் பதிவில் உள்ள படமும் எண்ணும் கொடுக்கப்பட மாட்டாது என்று சொல்லி, குடும்பத்திடமே கேட்கச் சொல்லுங்கள். வழக்கில் சம்பந்தப்பட்ட, பாதிக்கப்பட்ட, சாட்சியான, பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயரை மறைத்துவிட்டு ஊரையும் வகுப்பையும் சொன்னால் பாம்பன், முள்ளிமுனை மாதிரிக் கடலோர ஊர்களில் அது பெயரைச் சொன்னதற்குச் சமம்.

வாட்ஸ்அப் குரூப்

சாதாரணக் குரூப்பில் சேர்ந்த எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும். எட்டாம் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் நாற்பது அம்மாக்களின் எண் இருந்தால், அதில் எந்த வீட்டு அண்ணனும் அதை எடுக்கலாம். எடுத்துப் "ஹாய்" அனுப்பிய பிறகுதான் புகார் வரும். இரண்டு வழி உண்டு. ஒன்று, கம்யூனிட்டி தொடங்கி அறிவிப்புக் குரூப்பை மட்டும் பயன்படுத்துவது. அதில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அட்மின் மட்டுமே செய்தி போட முடியும். இன்னொன்று பிராட்காஸ்ட் லிஸ்ட். 256 பேர் வரை சேர்க்கலாம், பதில் உங்களுக்குத் தனியாக வரும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். "மெசேஜே வரலை" என்று பாதிப் பேர் சொன்னால் காரணம் இதுதான். முதல் பெற்றோர் கூட்டத்தில் பள்ளி எண்ணை அங்கேயே சேமிக்க வைத்துவிடுங்கள்.

குரூப் பள்ளி சிம்மில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அட்மின். மாணவரோடு, முக்கியமாக மாணவியோடு, ஆசிரியர் தனிச் செய்தி வைத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் கேட்கிறாள், நோட்ஸ் கேட்கிறான் என்றாலும் பெற்றோர் எண்ணுக்கே அனுப்புங்கள். இன்ஸ்டாவில் மாணவர்களின் நட்பு அழைப்பையும் ஏற்க வேண்டாம். இரவு எட்டுக்கு மேல் மழை விடுமுறை அறிவிப்பைத் தவிர வேறெதுவும் போக வேண்டாம். மதிப்பெண் பட்டியல், யார் கட்டணம் கட்டவில்லை, யார் மூன்று நாளாக வரவில்லை என்பவை குரூப்பில் போடும் விஷயங்களே அல்ல. ஒரு வீட்டின் கஷ்டத்தைத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டதாகிவிடும்.

கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தால் மூடும்போது தாவலை மட்டும் மூடாதீர்கள். கைபேசியில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்துக்குப் போய் அந்தக் கணினியைத் தொட்டு வெளியேறுங்கள். வாரம் ஒரு முறை அந்தப் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் உடனே நீக்குங்கள்.

ஜெராக்ஸ் கடையும் பென்டிரைவும்

பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது, நாளை காலைக்குள் பட்டியல் வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும். கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எக்செல் போய்விடும். அதில் பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கிக் கணக்கு, தாயின் கைபேசி எண். அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தால் நான்கு பள்ளிகளின் பட்டியலும் இரண்டு கல்யாணப் பத்திரிகையும் அடுத்தடுத்துக் கிடக்கும். கடைக்காரர் நல்லவர்தான். அவர் கடையில் வந்து உட்காரும் பையன்கள் எல்லாரும் அப்படியா என்பதுதான் கேள்வி.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

முதலில் தேவையில்லாத நெடுவரிசைகளை நீக்கிய ஒரு நகல் எடுங்கள். ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் போதும் என்றால் மற்றதை அழித்துவிடுங்கள். எக்செல்லில் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்ற வழியில் பூட்டுங்கள். லிப்ரே ஆபீஸில் சேமிக்கும் பெட்டியிலேயே பாஸ்வேர்டு என்ற கட்டம் இருக்கும். பாஸ்வேர்டை அதே வாட்ஸ்அப்பில் எழுதாமல், கடையில் நின்று நீங்களே தட்டுங்கள். அச்சானதும் டவுன்லோட்ஸில் அந்தக் கோப்பைத் தேர்ந்து ஷிஃப்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டிலீட் ரீசைக்கிள் பின்னில் கொண்டுபோய்ப் போடும். வாட்ஸ்அப்பிலும் "அனைவருக்கும் நீக்கு" என்று கொடுங்கள். பாழான தாள்களைக் கையோடு எடுத்து வாருங்கள். மாணவர் ஆதாரின் பின்பக்கத்தில் பஜ்ஜி மடித்து வந்த கதை எந்த ஊருக்கும் புதிதில்லை.

பென்டிரைவ் என்றால் கடைக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஃபார்மேட் செய்யுங்கள். கோப்புறைகள் எல்லாம் ஓரிரு கேபி ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் அது ஷார்ட்கட் வைரஸ். அதை இரட்டைச் சொடுக்குப் போட்டால் உங்கள் கணினிக்கும் தொற்றும். கோப்புகள் அழிந்திருக்காது, மறைந்திருக்கும். வியூ மெனுவில் "மறைந்த உருப்படிகள்" என்பதைத் தேர்ந்தால் பல நேரம் தெரியும். விண்டோஸ் செக்யூரிட்டியில் அந்த டிரைவை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ தளங்களுக்கும் இதே அளவுகோல். வினாத்தாள் மாதிரி கேட்கலாம், கதை கேட்கலாம். மாணவர் பெயரோ மதிப்பெண்ணோ சாதிச் சான்றோ உள்ளே போகக் கூடாது. விடைக்குறிப்பை நம்பி அப்படியே கொடுக்கவும் கூடாது; கணக்கில் தடுமாறும், தமிழ் இலக்கணத்தில் துணிந்து தப்பாகச் சொல்லும்.

ஸ்மார்ட் போர்டில் காட்டும்போது

கைபேசியைத் திரையோடு இணைத்துப் பாடம் நடத்தும்போது மேலே இருந்து ஒரு செய்தி இறங்கும்: "லோன் தவணை மூணு மாசமா கட்டல". வகுப்பே படிக்கும். இணைக்கும் முன் "தொந்தரவு செய்யாதே" அமைப்பைப் போடுங்கள். பள்ளி டேப்லெட்டிலிருந்து காட்டுவது இன்னும் நல்லது. யூடியூபில் ஆட்டோபிளே அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒளிச்சேர்க்கை முடிந்ததும் அடுத்து என்ன ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் இருக்கிற பாடத்துக்கு யூடியூபுக்குப் போகவே தேவையில்லை. எதையும் கடைசி நொடி வரை முன்பே ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் வகுப்பில் காட்ட வேண்டும்.

உப்புக்காற்றில் பொருளைக் காப்பது

இதையும் பயன்பாட்டு விதியாகவே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் உள்நாட்டுப் பள்ளியில் எட்டு வருடம் உழைக்கிற கணினி கடற்கரையில் கவனிக்காவிட்டால் பாதிக் காலம் தாங்காது. காரணம் வெறும் துரு அல்ல. காற்றில் வரும் நுண்ணிய உப்பு போர்டின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் விடிகாலையில் அந்த அளவு சாதாரணம். அந்தக் கரைசல் மின்சாரம் கடத்தும். அதன் வழியே கசியும் மின்னோட்டம் செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். யுஎஸ்பி துளையின் உள்ளே பச்சைப்பொடி தெரிந்தால் உள்ளே போர்டிலும் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலைப் பார்த்த ஜன்னலை லேப்பில் எப்போதும் மூடியே வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடியுங்கள். துணி உறை போடலாம், ஆனால் கணினியை அணைத்து அரை மணி நேரம் ஆறிய பிறகு. ஓடும்போது மூடினால் சூடு அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை நாள்படப் போட்டால் உள்ளே வியர்க்கும். நீண்ட விடுமுறையில் பூட்டியே போடுவதுதான் பெரிய கேடு. வாரம் இரு முறை ஒரு மணி நேரம் எல்லாக் கணினியையும் ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்தை விரட்டும். இதற்கான ஆள் யார் என்று விடுமுறைக்கு முன்பே முறை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஆள் "நீங்க போவீங்கன்னு நெனச்சேன்" என்பார்கள்.

துடைக்க ஈரத்துணி வேண்டாம்; கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் உப்புதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் விடாத துணி சரி. உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். திறக்கலாம் என்ற நிலையில், பீப் ஒலி மட்டும் வந்து படம் வராவிட்டால், ரேம் பட்டையைக் கழற்றிப் பொன்னிறப் பற்களை மென்மையான அழிப்பானால் தேய்த்து, தூளைத் துடைத்து மறுபடி பொருத்திப் பாருங்கள். கடலோரத்தில் பல முறை அதிலேயே உயிர் வந்துவிடும்.

இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மணல் தரையில் எர்த் குழி கோடையில் காய்ந்து மின்தடை ஏறும். மாதம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும், ஆண்டுக்கு ஒரு முறை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கம்பி அரித்துவிட்டதா என்று பார்ப்பதும் அலுவலகப் பொறுப்பு. கணினிப் பெட்டியைத் தொட்டால் "சுர்" என்றால் அன்றைக்கே லேப்பை மூடுங்கள்.

டேப்லெட்டுக்குத் தனிக் கவனம். சார்ஜ் துளையில் மணல் அடைத்தால் அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுங்கள், குண்டூசி வேண்டாம். "ஈரம்" என்ற எச்சரிக்கை வந்தால் கேபிளைப் பிடுங்கி, துளை கீழே பார்க்கும்படி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். விடுமுறைக்கு முன் ஐம்பது அறுபது சதவீதம் சார்ஜில் அணைத்து வையுங்கள். பூஜ்யத்தில் இரண்டு மாதம் கிடந்தால் பேட்டரி எழாது. திரை ஓரம் தூக்கினால் பேட்டரி உப்பியிருக்கிறது: சார்ஜ் போடாமல், அழுத்தாமல், மர மேஜையில் இல்லாமல் சிமென்ட் தரையில் தனியாக வைத்து, உடனே தெரிவியுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் சிம் அமைப்பில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கைக் கோபுரத்தை டேப்லெட் பிடித்துக்கொண்டால் பேலன்ஸ் கரையும்.

புயல் கூண்டு ஏறிவிட்டால்

பாம்பனில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று செய்தி வந்தவுடன் செய்ய வேண்டியது: எல்லா மின்செருகியையும் பிடுங்குவது, லேன் கேபிளையும் பிடுங்குவது. மின்னல் லேன் வழியாகவும் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தரையில் இருக்கும் பெட்டிகளை மேஜைக்கு ஏற்றுங்கள். ஜன்னலிலிருந்து தள்ளி வைத்து, இப்போது மட்டும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிக் கட்டுங்கள். அலுவலகக் கோப்புகளை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அது யார் வீட்டுக்குப் போகிறது என்று பதிவேட்டில் எழுதுங்கள். பள்ளி நிவாரண முகாமாகும். வந்தவர்கள் போன் சார்ஜ் போடக் கேட்பார்கள். வகுப்பறை பிளக்குகளைத் திறந்துவிடுங்கள், லேப் பூட்டியே இருக்கட்டும். நிலைமை தெளிந்த பிறகு உடனே ஆன் செய்யாமல், அறையை ஒரு நாள் காற்றாட விட்டு, ஈரம் போனதா என்று பார்த்துப் போடுங்கள்.

பதிவேடும் தொலைந்தால் செய்வதும்

இருப்புப் பதிவேட்டில் சாதனத்தின் சீரியல் எண்ணோடு, மொபைல் நெட்வொர்க் அதை அடையாளம் காணும் ஐஎம்இஐ எண்ணையும் எழுதுங்கள். சிம் போடும் டேப்லெட்டில் அது 15 இலக்கம். அமைப்புகளில் "சாதனத்தைப் பற்றி" என்ற இடத்தில் இருக்கும். வெளியே போகும் ஒவ்வொரு முறைக்கும் நகர்வுப் பதிவேட்டில் தேதி, நேரம், எடுத்தவர், காரணம், சார்ஜர் சேர்ந்து போனதா, திரும்பிய நேரம், இரண்டு கையெழுத்து. சார்ஜர் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். டேப்லெட் திரும்பி வரும், சார்ஜர் வராது.

தொலைந்தால் அன்றே தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வேறு கணினியிலிருந்து கூகுளின் சாதனம் தேடும் பக்கத்துக்குப் போய்ப் பூட்டுங்கள். அதில் இருந்த எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். காவல் நிலையப் புகார் ரசீதை வைத்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ-யை முடக்கலாம். அதற்கு அதே எண்ணில் மாற்று சிம் தேவை, ஓடிபி அதற்குத்தான் வரும். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பிள்ளை சம்பந்தப்பட்ட ஆபாசப் படமோ காணொளியோ கண்ணில் பட்டால் ஆதாரத்துக்கு என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். தலைமையாசிரியருக்கும் வேண்டாம். அனுப்புவதே குற்றம். சாதனத்தை அப்படியே பூட்டி வைத்து, வாயால் சொல்லி, காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19, தெரிந்தவர் எல்லாரும் புகார் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. மறைத்தால் பிரிவு 21-இல் தண்டனை. "பள்ளிப் பேர் கெட்டுடும்" என்று ஆசிரியர் அறையில் பேசித் தீர்க்க அதில் இடமே இல்லை.

கடைசியாக, கழித்துவிடும் பழைய கணினிகள். ஏலத்தில் போகும் பெட்டிக்குள் பத்து வருட மாணவர் பட்டியல் தூங்கிக்கொண்டிருக்கும். ஓடும் கணினி என்றால் விண்டோஸில் ரீசெட், எல்லாவற்றையும் நீக்கு, தரவையும் சுத்தம் செய் என்று கொடுத்து முழுதாக முடியும் வரை காத்திருங்கள். பழைய ஹார்டு டிஸ்கில் சில மணி நேரம் ஆகும். ஓடாத கணினி என்றால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, தட்டு உடையும்படி துளை போட்டு, 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். டிஸ்கின் சீரியல் எண், துளையிட்ட தேதி, அருகில் நின்ற இருவரின் கையெழுத்து, மூன்றும் இருப்புப் பதிவேட்டின் அதே வரியில் ஏற வேண்டும்.